பெருமாள் கோயில் தர்மமும் புத்தர் கோயில் தம்மமும்

புரட்டாசி சனிக்கிழமை என்றால் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. சேவித்து முடித்தவர்களில் சிலர் ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் வந்து, கொஞ்ச தூரம் நடந்து, சாக்கிய முனி புத்தகயா ஆலயத்திலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். தாய்லாந்துத் துறவி ஒருவர் 1927-ல் நிறுவிய ஆலயம் அது. உள்ளே 15 மீட்டர் உயரத்துக்குப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஏன் இரண்டு இடத்துக்கும் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "புத்தரும் பெருமாளோட அவதாரம்தானே? ரெண்டு பேரும் சொன்னது தர்மம்தானே?"

வாட்டர்லூ ஸ்திரீட்டில் இது எதிர்த்திசையில் நடக்கிறது. 1870-ல் தோன்றிய கிருஷ்ணன் கோயிலுக்கு அடுத்தாற்போல் 1884-ல் தோன்றிய, பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் கோயில். அங்கே வருகிற சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள், 5 விழுக்காட்டினர் இந்துக்கள். இப்படி அக்கம்பக்கமாக வாழும் ஊரில் "எல்லாம் ஒண்ணுதான்" என்பது வசதியான பதில். கும்பிட அது போதும். தர்மம் என்றால் என்ன என்று யோசிக்க உட்கார்ந்தால் போதாது.

இரண்டு மரபுக்கும் நடுநாயகமான சொல் இது. சமஸ்கிருதத்தில் தர்மம், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் தம்மம், வேர் ஒன்றுதான்: தாங்குதல். ஆனால் அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டும் கேட்கும் முதல் கேள்வி வேறு. இதைச் செய்யும் நீ யார், உன் இடம் எது என்று இந்து மரபு கேட்கும். இதை யார் செய்தாலும் அந்த நேரத்தில் மனத்தில் என்ன நடக்கிறது, அதிலிருந்து என்ன விளையும் என்று பௌத்தம் கேட்கும். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் இதைப் பொருத்திப் பார்க்கத் தோதான இடம் கோயில்கூட இல்லை, ராணுவப் பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவுதான். 1967-லிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகள் பதினெட்டு வயதை ஒட்டித் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்குப் போகிறார்கள். ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கட்டிலில் ஒரு தமிழ் இந்துப் பையனும் ஒரு சீன பௌத்தப் பையனும் படுத்திருப்பார்கள். இருவர் கையிலும் ஒரே துப்பாக்கி. அவரவர் நூல்கள் அந்தத் துப்பாக்கியைப் பற்றி என்ன சொல்கின்றன?

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ஜுனனிடம் சொல்வது பலருக்கும் தெரிந்ததுதான்: அறவழிப் போரைவிடச் சத்திரியனுக்கு உயர்ந்தது வேறில்லை; செத்தால் சொர்க்கம், வென்றால் மண், எழுந்திரு. மூன்றாம் அத்தியாயம் இன்னும் கறாராகப் பேசும். அடுத்தவன் தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வது மேல், தன் தர்மத்தில் சாவதே நல்லது, அடுத்தவன் தர்மம் பயங்கரம். இதற்குப் பெயர் ஸ்வதர்மம். ஒரே செயல் ஒருவனுக்குக் கடமை, இன்னொருவனுக்குப் பாவம். வாள் எடுக்காத சத்திரியனும் தவறுகிறான், வாள் எடுத்த அந்தணனும் தவறுகிறான். (இங்கே ஆயுதம் எடுக்க வைப்பது குலமில்லை, ஐசி என்ற அடையாள அட்டை. அந்த விஷயத்தில் நம் ஊர் மனுவை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டது.)

இப்போது பாலி நூலான சம்யுத்த நிகாயத்துக்கு வருவோம். போர்வீரர்களின் தலைவன் ஒருவன் புத்தரிடம் வருகிறான். போர்க்களத்தில் ஊக்கத்தோடு போரிட்டுச் சாகிறவன் தேவர்களோடு போய்ச் சேர்வான் என்று எங்கள் ஆசான்கள் வழிவழியாகச் சொல்லியிருக்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். கீதை சொல்லும் அதே சொர்க்கம்தான். புத்தர் "வேண்டாம், இதை என்னிடம் கேட்காதே" என்கிறார். அவன் விடவில்லை. மூன்றாம் முறை கேட்டதும் சொல்லிவிடுகிறார்: "இவர்கள் சாகட்டும், அழியட்டும்" என்ற நினைப்பில் அப்போது அவன் மனம் ஏற்கெனவே கீழே போய்விட்டது, அந்த மனத்தோடு செத்தவன் போவது நரகத்துக்கு, சொர்க்கம் போவான் என்று நம்புவதே தவறான பார்வை. அதைக் கேட்டு அந்த ஆள் அழுகிறான். புத்தர் சொன்னதற்காக அழவில்லை, இத்தனை காலம் ஆசான்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்களே என்று அழுவதாக அவனே சொல்கிறான்.

கவனித்தால், புத்தர் அவன் குலத்தைக் கேட்கவே இல்லை. அவன் எந்த அரசனின் வீரன், எந்தப் பக்கம் நியாயம் என்பதும் பேச்சில் வரவில்லை. பேச்சு முழுக்க அந்த நொடியில் இருக்கும் மனத்தைப் பற்றியது. நடைமுறையில் பௌத்த நாடுகள் எல்லாவற்றிலும் ராணுவம் உண்டு, அரசர்களும் போரும் பௌத்த வரலாற்றில் ஏராளம். ஆனாலும் கொல்வதைக் கடமை என்ற பெயரில் புண்ணியமாக்கும் வாசல் இந்தப் பகுதியில் அடைத்தே கிடக்கிறது.

இன்னொரு தொழிலை எடுத்துக்கொள்வோம், கசாப்பு. "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கதையின் மூலம் மகாபாரதத்தின் வன பருவத்தில் இருக்கிறது. கோபப் பார்வையால் கொக்கை எரித்த அந்தணன் ஒருவன், கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் அதே மிரட்டலைக் காட்ட, அவள் அவனை மிதிலைக்கு அனுப்புகிறாள், தர்மம் தெரிந்த ஆளிடம் போய்க் கற்றுக்கொள் என்று. போய்ப் பார்த்தால் அந்த ஆள் கசாப்புக் கடையில் நிற்கிறார். தர்மவியாதர். நான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன், இது என் குலத் தொழில், பெற்றோரைப் பேணுகிறேன், பொய் சொல்வதில்லை என்று சொல்லி அந்தணனுக்குப் பாடம் எடுக்கிறார். மேல்குலத்தவனின் செருக்கை அடக்கும் அற்புதமான கதை. ஆனால் அதே கதை, கசாப்புக்காரர் கசாப்புக்காரராகவே இருப்பதுதான் தர்மம் என்றும் சொல்லி முடிகிறது.

பௌத்தத்தில் அங்குத்தர நிகாயம் இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு. தேக்கா சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த விதியில் அவருக்கு இடமில்லை. அப்பன் தொழில், பாட்டன் தொழில் என்றால் அது சமாதானமாகாது. இந்த இடத்தில் எனக்கு இரண்டு பக்கமும் சங்கடம் உண்டு. முதலாவது மனிதரை மதிக்கிறது, அவரை அசையவிடுவதில்லை. இரண்டாவது அசையச் சொல்கிறது, ஆனால் கறி சாப்பிடும் ஊரில் அதை யாராவது விற்றுத்தானே ஆக வேண்டும் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இந்து மரபிலும் தர்மம் எடுத்த எடுப்பிலேயே குலக் கடமையாக இருக்கவில்லை. ரிக் வேதத்தில் உலக ஒழுங்கைக் குறிக்க முன்வரிசையில் நிற்கும் சொல் ரிதம். தர்மம் என்பது அங்கே வேள்விகளையும் உலகையும் தாங்கி நிற்கும் விதிகளைக் குறிக்கும் ஒரு சொல். வேள்விகளை விளக்கும் பிராமணங்கள் என்ற நூல்களிலும் பழைய உபநிடதங்களிலும் அது வியக்கத்தக்க அளவு குறைவாகவே வருகிறது என்று காட்டியவர் இலங்கையில் பிறந்த இந்தியவியல் அறிஞர் பாட்ரிக் ஒலிவெல். அவர் கருத்துப்படி இந்தச் சொல்லைத் தூக்கி நடுவில் வைத்தவர்கள் பௌத்தர்கள், பிறகு அசோகர். தங்கள் சொல் கைமாறிப் போகிறதே என்று அந்தணர்கள் தர்ம சூத்திரங்களை எழுதத் தொடங்கினார்கள் என்கிறார். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வரிசையைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. மனு ஸ்மிருதியும் மகாபாரதமும் இன்றைய வடிவத்துக்கு வந்தது அசோகருக்குப் பிற்பாடுதான் என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. வாளைக் கீழே போடுகிறேன் என்று அர்ஜுனன் தேரில் உட்கார்வதை, கலிங்கத்துக்குப் பிறகு வாளைக் கீழே போட்ட அரசரின் நிழலில் வைத்துப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த நூல்கள் தர்மத்தை இரண்டு அடுக்காக வைத்தன. கொல்லாமை, வாய்மை, திருடாமை, தூய்மை, புலனடக்கம் ஆகியவை நான்கு வர்ணத்துக்கும் பொது என்கிறது மனுவின் பத்தாம் அத்தியாயம். இது சாதாரண தர்மம், அதாவது எல்லோருக்கும் பொதுவான தர்மம். அதற்கு மேல் வர்ணத்துக்கும் வாழ்க்கைப் பருவத்துக்கும் ஏற்ற சிறப்புக் கடமைகள். இரண்டும் மோதினால் எது வெல்லும்? இந்தக் கேள்விதான் மகாபாரதத்தை ஓட்டுகிறது. நாம் வெட்கப்படுகிற நேரத்துக்கெல்லாம் சொல்கிற "தர்மசங்கடம்" உண்மையில் இந்த மோதலின் பெயர்.

இதைச் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் தெருவில் பார்க்கலாம். தீபாவளிக்கு முன்பு வரும் தீமிதித் திருவிழாவில் பக்தர்கள் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர் நடந்து போய்ப் பூக்குழி இறங்குகிறார்கள். கோயில் மாரியம்மனுடையது, தீமிதி திரௌபதியுடையது. கொடியேற்றம், திருக்கல்யாணம், அரவான் களப்பலி, படுகளம் என்று பாரதக் கதையே பல வாரங்கள் சடங்காக நடந்து முடிந்த பிறகுதான் தீ. இந்தத் திரௌபதி சபையில் கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். தருமர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னைத் தோற்று அடிமையானவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? சட்ட நுணுக்கம் தெரிந்த பீஷ்மர் திணறுகிறார். சொத்தில்லாதவன் பிறர் சொத்தைப் பணயம் வைக்க முடியாது, ஆனால் மனைவி கணவனுக்கு உட்பட்டவள் என்றும் இருக்கிறது, தர்மம் நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார். கௌரவர்களில் நியாயம் அவள் பக்கம் என்று வாய் திறந்தது விகர்ணன் மட்டும். தர்மத்தின் பேரையே தாங்கிய கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். இந்து தர்மத்தின் பலவீனத்தையும் பலத்தையும் இதைவிட நேர்மையாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியவில்லை. விடை தெரியாத கேள்வியை மறைக்காமல் நடுச்சபையில் வைத்து, கேட்டவளைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற மரபு இது.

பௌத்தத்தில் தம்மம் இந்த வகை நுட்பம் இல்லை. அது முதலில் உலகம் நடக்கும் விதம். ததாகதர்கள், அதாவது புத்தர்கள், தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் இந்த நியதி இருக்கும், அவர்கள் அதைக் கண்டு சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்கிறது சம்யுத்த நிகாயம். எதுவும் காரணத்தைச் சார்ந்து தோன்றும், காரணம் போனால் போகும். இரண்டாவதாக, அதைக் கண்டவர் சொன்ன போதனையும் தம்மம்: சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன நான்கு உண்மைகள், எட்டு உறுப்புகள் கொண்ட வழி. தனக்குப் பிறகு ஆசானாக யாரையும் வைக்காமல், நான் சொன்ன தம்மமும் வினயம் என்ற துறவிகளின் ஒழுக்க விதியும்தான் உங்கள் ஆசான் என்று புத்தர் சொல்லிவிட்டுப் போனது அதனால்தான். மூன்றாவது பயன்பாடு நமக்குக் கொஞ்சம் அந்நியமாகப் படும். கோபம், நினைவு, தொடுகை, வெப்பம் என்று அனுபவத்தைப் பிரித்துக்கொண்டே போனால் மிஞ்சும் ஒவ்வொரு கூறும் ஒரு தம்மம். தேரவாத பௌத்தத்தில் இப்படிப் பகுத்து ஆராயும் அபிதம்ம மரபு அவற்றை 82 என்று எண்ணி வைத்திருக்கிறது. அந்த 82-ல் "நான்" கிடையாது.

அங்கேதான் "எல்லாம் ஒண்ணுதான்" தடுக்கி விழுகிறது. உடல் சட்டை மாதிரி, ஆன்மா அதை மாற்றிக்கொள்ளும் என்று கீதை சொல்கிறது. போரில் யாரும் உண்மையில் சாவதில்லை என்ற வாதமே அதன் மேல்தான் நிற்கிறது. எல்லாத் தம்மங்களும் ஆன்மா அற்றவை என்பது தம்மபதம். ஸ்வதர்மத்தைச் சுமக்கும் அந்த "ஸ்வ"வையே பௌத்தம் ஏற்கவில்லை. கடைசியில் தம்மத்தையும் பிடித்துக்கொள்ளாதே, அது ஆற்றைக் கடக்க உதவும் தெப்பம், கரையேறிய பிறகு தலையில் சுமக்காதே என்றும் சொல்லிவிடுகிறது. இதற்குப் பக்கத்தில் வரக்கூடியது கீதையின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது: எல்லா தர்மங்களையும் விட்டுவிட்டு என்னைச் சரணடை. பெருமாள் கோயிலுக்குப் போகிற வைணவர்களுக்கு அது சரம சுலோகம், இறுதியான உபதேசம். இரண்டும் தர்மத்தை விடச் சொல்கின்றன. ஒன்று விட்டபின் பிடித்துக்கொள்ள ஒரு திருவடி தருகிறது, மற்றது அதையும் தருவதில்லை.

அவதாரக் கதைக்கு வருவோம். அதன் பின்னணி அவ்வளவு இனிப்பானதில்லை. விஷ்ணு புராணத்தில் விஷ்ணு தன் உடலிலிருந்து மாயாமோகன் என்று ஒருவனை உண்டாக்கி அனுப்புகிறார். அவன் அசுரர்களிடம் போய் வேள்வியில் உயிர்ப்பலி கூடாது என்றெல்லாம் பேசி, அவர்களை வேதத்திலிருந்து விலக்கி, அதனால் பலமிழந்த அவர்களைத் தேவர்கள் அழிக்கிறார்கள். அதாவது பௌத்தம் என்பது அசுரர்களை ஏமாற்றச் சொன்ன தத்துவம். ரேஸ்கோர்ஸ் சாலையில் கும்பிடுகிறவர் மனத்தில் இது துளியும் இல்லை என்பது வேறு விஷயம். தமிழிலும் சண்டை குறைவில்லை. சம்பந்தர் பதிகத்துக்கொரு பாட்டில் சமணரையும் பௌத்தரையும் ஏசுவது வழக்கமாகவே இருக்கிறது.

ஆனால் ராஜராஜ சோழன் காலத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே சைவ அரசன். அந்தச் செப்பேடுகள் பின்னால் நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கும் முன்னால் மணிமேகலை, சாவக நாட்டை ஆளும் அரசனிடம் அறம் என்பது எது என்று சொல்கிறாள்: "மன்னுயிர்க்கெல்லாம் உண்டியும் உடையும் உறையுளும் அல்லது கண்டது இல்." உயிருக்கெல்லாம் சோறு, துணி, இருக்க இடம். என் நாடானாலும் பிறர் நாடானாலும் நீ சொன்ன அறத்தைச் செய்வேன் என்று அரசன் பதில் சொல்கிறான். சாவகம் என்பது ஜாவா என்பார்கள். நம் கடல் வட்டாரத்தில் தம்மத்தைத் தமிழில் பேசிய பழைய உரையாடல் இது. குலம் கேட்காத அறம் என்பதால்தான், பின்னால் 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதும், 1956-ல் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியதும். ஸ்வதர்மத்தின் பாரத்தைத் தோளில் உணர்ந்தவர்கள் வெளியேறத் தேடிய வாசல் அது.

சிங்கப்பூர் அரசாங்கத்துக்கும் ஒரு காலத்தில் இந்தப் பிரிவினை தேவைப்பட்டது. 1984-லிருந்து உயர்நிலை மூன்று, நான்கில் சமய அறிவு கட்டாயப் பாடமாக இருந்தபோது இந்து சமயமும் பௌத்தமும் தனித்தனித் தெரிவுகள். 1990-ல் அந்தக் கட்டாயம் போய்விட்டது.

இவ்வளவு பிரித்தாலும் இரண்டும் சந்திக்கும் இடம் உண்டு, வீட்டுக்குள். சிகாலோவாத சூத்திரத்தில் சிகாலன் என்ற இளைஞன் காலையில் குளித்து, ஈரத் துணியோடு ஆறு திசைகளைக் கும்பிடுகிறான், அப்பா சாகும்போது சொன்னார் என்று. புத்தர் அதை நிறுத்தச் சொல்லவில்லை. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசான், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே பணியாளர், மேலே துறவிகள் என்று திருப்பிச் சொல்கிறார். கடமை இரு பக்கமும் உண்டு. பணியாளருக்கு எஜமான் செய்ய வேண்டியவை ஐந்து: சக்திக்கேற்ற வேலை, சோறும் கூலியும், நோயில் கவனிப்பு, நல்ல பண்டம் வந்தால் பங்கு, அவ்வப்போது விடுப்பு. அசோகரும் தம்மம் என்றால் என்ன என்று பாறையில் எழுதும்போது அடிமைகளையும் பணியாளர்களையும் முறையாக நடத்துவதை முதலில் வைக்கிறார். மனுவின் மூன்றாம் அத்தியாயத்திலும் விருந்தினரும் சுற்றத்தாரும் பணியாளர்களும் உண்ட பிறகே கணவனும் மனைவியும் மிச்சத்தை உண்ண வேண்டும் என்று இருக்கிறது. எட்டாம் அத்தியாயம் அதே மனுதான், ஆனால் சூத்திரனை விலைக்கு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை வாங்கலாம், எஜமான் விடுவித்தாலும் அவனுக்கு விடுதலை இல்லை என்கிறது.

நம் வீடுகளில் இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் வந்தது 2013-ல். பணம் கொடுத்து அந்த நாளை வாங்கிவிடும் வழக்கம் இருந்ததால், 2023-லிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று ஆக்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் மூன்றாம் அத்தியாயத்து இல்லறத்தானும் சிகாலனும் ஒரே பக்கம் நிற்பார்கள். எட்டாம் அத்தியாயத்து எஜமானோடு சிகாலனுக்குப் பேச்சே இருக்காது.